செந்தூர்க் கடற்கரையில் ராஜாவும் மந்திரியும்

ஆனியில் கல்யாணம் என்று நிச்சயமான பிறகுதான் என் பெரியம்மா மகளுக்கு அந்த ஆசை வந்தது. தென்காசியில் நாங்கள் படித்த பெண்கள் பள்ளியில் எந்த நாடகம் போட்டாலும் அவள்தான் ராஜா. அவளளவு உயரம் யாருக்கும் இல்லை, குரலும் கனம். நான் மந்திரி. எத்தனையோ தடவை மேடையேறியும் எங்களிடம் ஒரு போட்டோ கிடையாது.

"ஆலங்குளத்துக்கு வாக்கப்பட்டுப் போயிட்டா அப்புறம் எங்க மீச வைக்க? அதுக்குள்ள ஒரு படம் எடுத்திரணும்ட்டி" என்றாள்.

ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்றேன். அங்கே திரையில் கடல் வரைந்து வைத்திருந்தார்கள். அது வேண்டாம் என்றாள் அக்கா. கடைசி நாடகத்தில் அவள் கப்பலேறிப் படையெடுத்த ராஜா. நிஜக் கடல்தான் வேண்டுமாம்.

குற்றாலத்தில் அருவிக்கு வருகிறவர்களைப் படம் எடுக்கும் அண்ணாச்சி ஒருவர் மேலகரத்தில் இருந்தார். கோடையில் அருவி வெறும் பாறையாகக் கிடக்கும், அவருக்கும் வேலை இருக்காது. திருச்செந்தூருக்கு வரச் சம்மதித்தார். வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட வந்தாக வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

"கல்யாணத்த வச்சுக்கிட்டு மீசையா? மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா என்னாவும்?" என்று பெரியம்மா கத்தினாள். பிறகு அவளே, முதல் பத்திரிகையை முருகனுக்கு வைக்கவேண்டியிருக்கிறது என்று ஒரு காரணம் கண்டுபிடித்து, "சரி, நானும் வருதேன்" என்றாள்.

கோயில் கொடைத் திருவிழாக்களில் நாடகம் போடும் சமயம். நாடக டிரெஸ் வாடகைக்கு விடும் கடையில் நல்லதெல்லாம் போய்விட்டிருந்தது. பூச்சி அரித்த நீல வெல்வெட் கோட்டும் ஒரு கிரீடமும் தகர வாளும் கிடைத்தன. எனக்கு ஓர் அங்கி, வெள்ளைத் தாடி. கோட்டு அக்காவுக்குத் தொளதொளவென்று இருந்ததால் முதுகுப்பக்கம் ஊக்குக் குத்திப் பிடித்தோம்.

சாமி கும்பிட்டுவிட்டு ஒரு சத்திரத்து அறையில் வேஷம் கட்டினோம். சாயங்கால வெயில் முகத்தில் விழட்டும் என்று அண்ணாச்சி காக்க வைத்தார். பசை வியர்வையில் இளகி, அக்காவின் மீசை ஒரு பக்கம் தொங்கியது. அலையில் கால் நனைய நின்று அவள் வாளை உயர்த்தியதுமே கூட்டம் கூடிவிட்டது.

கைக்குழந்தையோடு ஒரு பெண் முன்னால் வந்தாள். அந்தப் பக்கத்தில் தசராவுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுவதும், வேஷக்காரர் கையால் விபூதி பூசிக்கொள்வதும் வழக்கம். இதையும் அப்படித்தான் நினைத்துவிட்டாள்.

"என்ன நேர்ச்சக்கா? பிள்ளைக்குக் காய்ச்சல் விடமாட்டேங்குது. ஒங்க கையால துன்னூறு பூசி விடுங்க."

அக்கா திகைத்துப்போய் எங்களைப் பார்த்தாள். நாங்கள் வெறும் போட்டோவுக்கு வந்தவர்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, கோயிலில் இலையில் வைத்துக் கொடுத்த விபூதியை எடுத்து நீட்டினாள்.

"கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு நேர்ச்ச" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். அக்காவிடம், "பூசி விடுட்டி" என்றாள்.

அக்கா வாளை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, குழந்தையின் நெற்றியில் பூசினாள். குழந்தை மீசையைப் பிடித்து இழுத்தது. அக்கா சிரிக்கவில்லை. அப்புறம் இன்னும் சிலர் வந்தார்கள். எல்லாருக்கும் பூசினாள். அண்ணாச்சிதான், "வெளிச்சம் போவுது தாயி" என்று தவித்துக்கொண்டிருந்தார்.

கழுவி வந்த படங்களில் எனக்குத் தாடியே முகமாக இருந்தது. அக்கா வாளோடு நிமிர்ந்து நிற்கும் படம் ஒன்று நன்றாக விழுந்திருந்தது. அதைப் பெரியம்மாவுக்குத் தெரியாமல் கல்யாணப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுவீட்டுக்கு வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். ராத்திரி அறையில் அத்தான் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாரு, ஒங்க மாமாவா?" என்று கேட்டிருக்கிறார்.

"நாந்தான்னேன். அதுக்கு, அந்தக் கொரல்ல ஒரு வசனம் சொல்லுங்காரு."

"சொன்னியா?"

"சொன்னேன். மாமியா பயந்துபோயி கதவத் தட்டிட்டாவ."