குட்டைக்குள் பட்டி போட்ட கோடை

என் வீட்டுக்காரர் காந்திபுரத்தில் ஒரு லாட்ஜுக்கு வாட்ச்மேனாகப் போனதற்குக் காரணம், எங்கள் பண்ணைக்குட்டையில் தண்ணீர் நிற்காததுதான். சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருப்பது மழையை நம்பிய கொஞ்சம் மேட்டுக்காடு. என் அப்பாவும் மாமனாரும் காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழைத்தவர்கள். எங்கள் பேரில் பட்டா வந்த முதல் நிலம் இது. மழைத்தண்ணீரைத் தேக்கி வைத்தால் நாலு தென்னையை உயிரோடு காப்பாற்றலாம், ஒரு மாட்டுக்குத் தீவனம் விளைவிக்கலாம் என்று குட்டை வெட்டினோம்.

பொக்லைன் ஓட்ட வந்தவர் நல்ல மனுஷன். அடியில் களிமண் வந்ததும் வண்டியை நிறுத்தினார். “இதோட போதுங்க. கீழ போனா சுக்காங்கல்லுங்க, தண்ணி நிக்காது” என்றார். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் குழி என்றாலே அது கிணறுதான். ஆழம் போகப்போக ஊற்று வரும் என்று பரம்பரையாக வெட்டிப் பழகிய புத்தி. என் வீட்டுக்காரர் விடுவாரா? “வந்ததுதான் வந்துட்டீங்க, இன்னொரு ரெண்டடி போட்டுட்டுப் போங்க” என்றார். “கிணறு இல்லீங்களே இது, மேல இருந்து வர்ற தண்ணிதானுங்களே” என்று அவர் சொல்லிப் பார்த்தார். நானும் சொன்னேன். கேட்கவில்லை. களிமண்ணை எல்லாம் அள்ளி வெளியே கொட்டிவிட்டு, உதிரி உதிரியான வெள்ளைச் சுக்கானில் போய் நின்றது குட்டை. கரையில் நின்று அந்த ஆழத்தைப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

முதல் மழைக்குக் குட்டை நிரம்பியது. அன்று கோழி அடித்துக் குழம்பு வைத்தோம். அடுத்த வாரம் அடியில் தவளை உட்காரக்கூட ஈரம் இல்லை. சுக்கான் அத்தனையையும் குடித்துவிட்டது. நட்ட தென்னம்பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குருத்துக் காய்ந்தன.

அதற்குப் பிறகு குட்டைப் பக்கம் போனாலே அவர் முகம் சுண்டிப்போகும். ஊரில் யாராவது கேலி பேசியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவரை அரித்தது. ஒரு காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். “தண்ணி நிக்கட்டும் அம்மணி. நின்ன அன்னைக்கே வந்தர்றேன்” என்றார். அது என்ன பேச்சு? அவர் வெட்டிய குட்டையில் தண்ணீரை நிறுத்துவது என் பொறுப்பாம்.

மகளைப் பல்லடத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் நான் ஒருத்தி. காங்கேயத்தில் தேங்காய்க் களத்துக்கு வேலைக்குப் போவேன், ஓட்டிலிருந்து பருப்பெடுத்துவிட்டுத் திரும்புவேன். வந்தால் பேச ஆளில்லை என்பதுகூடப் பரவாயில்லை, சண்டை போட ஆளில்லை. உப்பு அதிகம் என்று தட்டைத் தள்ளிவைக்க ஒருவர் இல்லாத வீட்டில் குழம்பு எப்படி இருந்தால் என்ன? கொடியில் என் துணி மட்டும் காய்வதைப் பார்க்கப் பிடிக்காமல், அவர் விட்டுப்போன பழைய வேட்டியைச் சும்மாவே நனைத்துக் காயப்போட்டிருக்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையில் வருவார். தலையைப் படிய வாரிக்கொண்டு, லாட்ஜ் ரூமில் கொடுக்கும் குட்டிக் குட்டி சோப்புகளை எனக்குக் கொண்டுவருவார். களத்தில் பெண்கள் அவருக்கு “ஞாயித்துக்கிழமை மாப்ள” என்று பேர் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் கிளம்பும்போது அவருடைய பச்சைக் கட்டைப்பையில் கொள்ளுப்பொடி, முறுக்கு, எள்ளுருண்டை என்று திணித்து அனுப்புவேன். கைப்பிடி அறுந்துவிடும் என்பார். எனக்கோ என்னையும் உள்ளே வைத்துக் கட்டிவிடலாம் போல இருக்கும்.

குட்டையின் அடியில் விரிக்கத் தடித்த ஷீட் வாங்கலாம் என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன். என் புலம்பலைப் போனில் கேட்ட அவர், காந்திபுரத்தில் கழற்றிப் போட்ட ஃப்ளெக்ஸ் பேனர்களைக் கட்டாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். நகைக்கடைப் பெண்கள், கல்யாண வாழ்த்து ஜோடிகள், காதணி விழாப் பிள்ளைகள். எல்லோரையும் தைத்து ஒட்டிக் குட்டையின் அடியில் படுக்கவைத்தேன். மழை வந்தது. தண்ணீர் தையல் வழியாக அடியில் புகுந்து, ஃப்ளெக்ஸ் மொத்தமும் உப்பி மேலே வந்தது. யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையும் கழுத்துமாக என் குட்டையில் மிதந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு கல்லை எடுத்து விட்டெறிந்தேன்.

வழி எனக்குக் கிடைத்தது எங்கள் கொறங்காட்டில்தான். மேட்டுக்காட்டிலேயே ஒரு பக்கம் கிளுவை முள்வேலி போட்டு, மாடு மேயப் புல்லுக்காகவே விட்டிருக்கும் நிலம் அது. முன்பு அங்கே ஒருவருடைய செம்மறி ஆடுகளைப் பட்டி போட்டிருந்தார்கள். புழுக்கை எருவுக்காக ஆடுகளைச் சில நாள் காட்டில் அடைத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மழைக்கு மறுநாள் போய்ப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் உலர்ந்திருக்க, அந்தப் பட்டி இருந்த இடத்தில் மட்டும் தண்ணீர் பளபளவென்று தேங்கி நின்றது. ஆடுகள் மிதித்து மிதித்து, புழுக்கையும் மண்ணும் சேர்ந்து தரை இறுகிக் கிடந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். அடக் கடவுளே, இதைத்தானே நான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

கோடையில் அந்த ஆட்டுக்காரரைத் தேடிப் போய், குட்டைக்குள் பட்டி போடக் கேட்டேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார்.

“ஏனுங் அம்மணி, காட்டுக்குப் பட்டி போடுவாங்க. குழிக்குள்ளயா போடுவாங்க?”

“போட்டுத்தான் பாருங்களேன்.”

“ஈரத்துல நின்னா ஆட்டுக்குக் காலு அழுகிப்போயிருமுங்க.”

“சேறு பண்ண மாட்டேனுங்க. கையில புடிச்சா உருண்டையாகற பதத்துக்குத்தான் தெளிப்பேன். காத்தால விட்டுட்டு, வெயில் ஏறறதுக்குள்ள ஏத்திக்கலாமுங்க.”

பதிலுக்கு எங்கள் கொறங்காட்டுப் புல்லைக் கோடை முழுக்க அவர் ஆடுகள் மேய்ந்துகொள்ளலாம் என்று சொன்னேன். அவர் கண் விரிந்தது. அந்தக் கோடையில் புல் கிடைப்பது அவ்வளவு லேசில்லை. என் கிடாரிக் கன்றுக்குத்தான் சோளத்தட்டு வாங்கிப் போட வேண்டியதாகிவிட்டது. அது என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டே மென்றது.

வெளியே அள்ளிக் கொட்டிய களிமண் பாதிக்கு மேல் கரைந்து போயிருந்தது. மிச்சத்தையும், ஊர்க்குளத்தைத் தூர்வாரியபோது டிராக்டரில் அடித்த வண்டலையும் சுக்கான் மேல் பரப்பினேன். கொஞ்சமாகத் தண்ணீர் தெளிப்பேன், ஆடுகள் இறங்கும். உள்ளேயே சுற்றிச் சுற்றி மிதிக்கும். பின்னாலேயே நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதிப்பேன். மறுபடி ஒரு படை மண், மறுபடி ஆடு. களத்து வேலைக்குப் போகுமுன் தினமும் இதுதான். என் மேல் ஆட்டு வாடை அடிக்கிறது என்று களத்தில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. அப்போதுதான் அந்த லாட்ஜ் சோப்புகளைப் பிரித்தேன்.

ஒருநாள் காலை குட்டைக்குள் நிற்கும்போது அவர் போன் செய்தார்.

“என்ன புள்ள, ஒரே சத்தமா இருக்குது?”

“ஆடுங்க. குட்டைக்குள்ள இருக்குது.”

“குட்டைக்குள்ள ஆடு என்ன பண்ணுது?”

“நீங்க செஞ்சுபோட்டுப் போன வேலையைச் சரி பண்ணுதுங்க.”

அவர் மெதுவாக, “நீ சாப்புட்டயா?” என்றார். “சாப்பிட்டேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சாப்பிட்டிருக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. குட்டையில் தண்ணீர் ஏறியது. கரையில் ஒரு வேப்பங்குச்சியை நட்டு வைத்துத் தினமும் பார்த்தேன். முதலில் கொஞ்சம் இறங்கியது. என் உயிரும் கூடவே இறங்கியது. பிறகு நின்றது. அவரிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மறுநாள் வற்றிப்போனால், அவர் திரும்பி வரவே மாட்டார் என்று பயம். போனில் அவர் கேட்கவும் இல்லை. கேட்க அவருக்கும் பயம்தான். மழை விட்டு, பனி இறங்கி, குச்சியின் காலடியில் பாசி படர்ந்த பிறகுதான் சொன்னேன்.

“தண்ணி நிக்குதுங்க.”

“நெசமாவா?”

“வந்து பாத்துக்கோங்க.”

ஞாயிற்றுக்கிழமை வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் குட்டைக்குப் போனார். கரையைச் சுற்றி நடந்தார். வேட்டியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கினார். பாதம் கொண்டு அடியைத் தடவித் தடவிப் பார்த்தார். தண்ணீர் இடுப்பு வரை வந்தது. நான் கரையில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆழம் கம்மியாயிப்போச்சே அம்மணி” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே முக்கியிருப்பேன். “ஆழமா இருந்தப்போ தண்ணியும் நிக்கல, நீங்களும் நிக்கல” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் குரல் உடைந்திருந்தது தெரிந்தது.

அவர் தண்ணீருக்குள் நின்றுகொண்டே முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நான்தான் வாயை அடக்காமல் கெடுத்துவிட்டேனோ என்று அடுப்படியில் நின்று பரிதவித்தேன். உப்பு எப்படி இருக்கிறது என்றுகூட அவர் சொல்லவில்லை.

சாயங்காலம் வழக்கம்போலக் கொள்ளுப்பொடி டப்பாவையும் முறுக்கையும் எடுத்து வந்து கட்டைப்பையைத் திறந்தேன். அவர் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

“ஒண்ணும் வெக்காத.”

“ஏனுங்க?”

“அங்க லாட்ஜுல துணிமணி கெடக்குது, போர்வை கெடக்குது. எதுல எடுத்துட்டு வர்றது?”

வெறும் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.