டவுன்

“டேர்ன் டவுன் என்றால் நிராகரிப்பது” என்று பேத்தி உரக்கப் படித்தாள். அரிசி களைந்த என் கை நின்றுவிட்டது.

ஐம்பதுகளில், மருதமுனையில், நெசவு பழக்கும் வேலைக்காக வாப்பா கொழும்புக்குப் போய் நேர்முகப் பரீட்சை முடித்து வந்திருந்தார். பிறகு கடிதம் வந்தது. வீட்டில் இங்கிலீசு தெரிந்தவள் ஐந்தாம் வகுப்பிலிருந்த நான்தான். ‘டேர்ன்ட் டவுன்’ என்று எழுத்துக்கூட்டினேன். எனக்குத் தெரிந்த டவுன் பட்டணம் மட்டும்தான்.

“திரும்ப டவுனுக்கு வரட்டாம், வாப்பா!”

உம்மா பெருநாள் சட்டையை எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் வாப்பா கொழும்பிலிருந்து அந்தச் சட்டை கசங்கத் திரும்பி வந்தார்.

“வேலை கிடைச்சதா வாப்பா?”

“நீ வாசிச்சது சரிதான் மகள். நான்தான் பிந்திப் போயிட்டன்.”

சரியான பொருளை இரண்டு வருடம் கழித்து வகுப்பில் படித்தேன். அவரிடம் சொல்லவில்லை. மௌத்தாகும்வரை அவரும் பிந்திப் போனதாகவே சொன்னார்.