அமாவாசை வண்டி

திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்தில் யார் வீட்டில் ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாலும், சுந்தரராமனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பெட்டி கட்டுவார்கள். மின்சார ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ரயில்வேக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் "மாமா, மெட்ராஸுக்குப் போறோம்" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், மனிதர் பிடித்துக்கொள்வார். ஆரல்வாய்மொழி தாண்டும்போது காற்று முகத்தில் அறையும், ஜன்னலை முன்னாலேயே இறக்கிவிட வேண்டும். செருப்பைப் பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். மதுரையில் ஏறுகிற கூட்டம் விளக்கைப் போட்டுவிட்டு அணைக்காது, அவர்களோடு சண்டைக்குப் போகக் கூடாது. கீழ்ப்படுக்கையை யார் கெஞ்சிக் கேட்டாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கடைசியாக, குரலைத் தாழ்த்தி, எல்லாவற்றுக்கும் மேலான விதியைச் சொல்வார். வண்டியில் வாயைக் கட்ட வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுபோனதைத் தவிர ஒரு சொட்டுக் காப்பிகூட உள்ளே போகக் கூடாது.

இதையெல்லாம் உள்ளேயிருந்து கேட்டுக் கேட்டு அவர் மனைவி பாகீரதிக்குப் புளித்துப் போயிருந்தது. அவள் பழவங்காடியில் ஒரு பாத்திரக்கடையில் இருபது வருஷத்துக்கு மேல் கல்லாவில் உட்கார்ந்தவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. பிறகு, பேரம் பேசியே உயிரை எடுக்கிற ஆசாமிகளை அந்த மலையாளத்திலேயே மடக்கிப் படி இறக்கினாள். கடை முதலாளியே அவள் வாய்க்குப் பயப்படுவார். அந்த வாய் வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கேதான் போகுமோ! சுந்தரராமன் அடிக்கிறவரும் இல்லை, கத்துகிறவரும் இல்லை. "ஒனக்கென்ன தெரியும் பாகீ" என்று சிரித்துக்கொண்டே சொல்வார், அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே சொல்கிற மனுஷரிடம் என்ன சண்டை போடுவது? கல்யாணமான புதிதில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. வந்த நாளிலிருந்து சர்க்கரை டப்பா பரணில் ஏறிவிட்டது, விருந்தாளி வந்தால் மட்டும் இறங்கும். அந்த வீட்டைப் பொறுத்தவரை சர்க்கரை என்றால் விஷம். மாத்திரை போதாமல் ஊசிக்கு மாறியபோது, டாக்டர் சட்டைப்பையில் எப்போதும் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஊசி போட்டபின் சாப்பாடு தவறினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், ஆளையே சாய்த்துவிடும் என்று விளக்கமும் சொன்னார். சுந்தரராமன் வீட்டுக்கு வந்து அதை ஒரு தமாஷாகத்தான் சொன்னார். "சர்க்கரை வியாதிக்காரனுக்கு மிட்டாயாம். படிச்சவன் சொல்றான், கேட்டியோ?" பாகீரதியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்குச் சிரித்ததற்கு அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

சென்னையில் மகள் ஆஷா ஃபிளாட் வாங்கி, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருந்தாள். டிக்கெட் கிடைத்தது அமாவாசையன்றைக்கு. அமாவாசை என்றால் சுந்தரராமனுக்குக் காலையில் அப்பாவுக்குத் தர்ப்பணம், மத்தியானம் ஒரு வேளைச் சாப்பாடு, ராத்திரி சோறு கிடையாது, பலகாரம் மட்டும். மற்ற நாளாக இருந்தால் பாகீரதி புளியோதரை தனியாக, தயிர்சாதம் தனியாக, வழியில் கொறிக்க முறுக்கு தனியாக என்று கட்டியிருப்பாள். அன்றைக்கு இட்லி மட்டும்தான். மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவி வாழை இலையில் சுற்றி, மேலே பேப்பர் போட்டு ஒரே பொட்டலமாகக் கட்டினாள்.

"கூட நாலு அடை வார்த்து வேற பொட்டலமா வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"எதுக்குப் பாரம்? இருக்கறது ரெண்டு வயிறு" என்றார் அவர். போகிற வழியில் மூன்று வாழைப்பழம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

வண்டியில் எதிரெதிரே இரண்டு கீழ்ப்படுக்கைகளும் இவர்களுக்கே கிடைத்திருந்தன. மேலே ஒரு இளம் ஜோடி. அபிஜித், அவன் மனைவி ஸ்ரீப்ரியா. இரண்டு பேருக்கும் ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அந்தப் பெண் முன்பு சென்னையில் இருந்தவள், தமிழ் தெரியும். சுந்தரராமனுக்குக் கேட்க வேண்டுமா? நாகர்கோவில் வருவதற்குள் காற்று, செருப்பு, மதுரைக் கூட்டம் எல்லாவற்றையும் அவர்களுக்கு ஒப்பித்துவிட்டார். அந்தப் பெண் கொட்டாவியை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள். ஆரல்வாய்மொழியில் நிஜமாகவே காற்று அறைந்ததும், "நான் சொல்லலே?" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

திருநெல்வேலி தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பி, சட்டையைத் தூக்கி ஊசியைப் போட்டுக்கொண்டார். கை கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனார். இட்லிப் பொட்டலத்தைப் பாகீரதி ஜன்னலோரம் இருந்த சின்னப் பலகையில் எடுத்து வைத்தாள். அதே பலகையின் மறுபாதியில் அபிஜித் தன் கோழிக் குழம்பு டப்பாவைத் திறந்தான். வண்டி எதற்கோ ஒரு வெட்டு வெட்டியது. டப்பா சரிந்தது. சிவப்புக் குழம்பு பொட்டலத்தின் மேல் கொட்டி, பேப்பரில் ஊறி, பலகையிலிருந்து சொட்டியது.

"அய்யோ ஆன்ட்டி, ஸோரி கேட்டோ! ஸோரி!" அந்தப் பையன் கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் எடுத்துத் துடைத்தான்.

பாகீரதியின் கை தானாகவே பின்னுக்கு வந்துவிட்டது. நெருப்பைத் தொடாதே என்று யாரும் சொல்ல வேண்டாம் அல்லவா, அந்த மாதிரி. இலைக்குள் இலை வைத்துக் கட்டியிருந்தாள். பிரித்துப் பார்த்திருந்தால் உள்ளே பாதிக்கு மேல் சுத்தமாகவே இருந்திருக்கும். அவள் பிரிக்கவில்லை. அபிஜித்தே அதை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போய் எறிந்துவிட்டு வந்தான்.

சுந்தரராமன் வந்தார், ஒரே பார்வையில் விஷயம் புரிந்தது. முகம் கொஞ்சம்கூடச் சுளிக்கவில்லை. "ஸாரமில்லை மோனே. வண்டின்னா ஆடத்தானே செய்யும்" என்று பையனின் தோளில் தட்டினார்.

"ஊசி போட்டாச்சே" என்றாள் பாகீரதி, அவர் காதோரமாக.

"மெள்ளப் பேசு. அந்தப் பிள்ளை ஏற்கெனவே சங்கடப்படறது."

வாழைப்பழத்தை எடுத்தார். ஒன்றைத் தான் உரித்துக்கொண்டார். ஒன்றை அவளிடம் கொடுத்தார். மூன்றாவதையும் நீங்களே சாப்பிடுங்கள் என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள், அதை ஸ்ரீப்ரியாவிடம் நீட்டிவிட்டார். அவர்கள் மனசு ஆற வேண்டுமாம். இந்த மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

அந்தப் பெண் பழத்தை வாங்கிக்கொண்டாள், ஆனால் கண் பாகீரதியின் மேலேயே இருந்தது. "அங்கிளுக்கு ஷுகர் உண்டா ஆன்ட்டி? இன்சுலின் போட்டாரில்லே? எங்க அச்சனும் எடுக்கறார். சாப்பிடாம இருக்கப் பாடில்லை, கூடாது." பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தே நீட்டினாள். அபிஜித், அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் பால் வாங்கி வருகிறேன் என்று எழுந்தான்.

சுந்தரராமன் இரண்டு கையையும் கூப்பினார். "இன்னிக்கு அமாவாசையாக்கும் மோளே. பழம் சாப்பிட்டாச்சு, அது மதி, போதும். ஒரு ராத்திரி வயிறு காஞ்சா ஒண்ணும் ஆயிடாது."

பிஸ்கட் பாக்கெட் நீட்டியபடியே இருந்தது. இப்போது அந்தப் பெண் பாகீரதியைத்தான் கேட்கிறாள். பாத்திரக்கடையில் எத்தனை பேரை அதட்டியிருக்கிறாள்! 'பேசாம சாப்பிடுங்கோ' என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் அவர் திகைத்துப்போயாவது இரண்டு பிஸ்கட் தின்றிருப்பார். வார்த்தை தொண்டை வரை வந்தது. பிஸ்கட்டில் முட்டை இருக்குமோ என்று ஒரு எண்ணம் குறுக்கே வந்தது. நாலு பேர் முன்னால் அவரை மறுத்துப் பேசுவதா என்று இன்னொன்று.

"அவருக்கு வழக்கமில்லேம்மா" என்றாள்.

மதுரையில் அவர் சொன்ன மாதிரியே கூட்டம் ஏறியது, விளக்கைப் போட்டது, ஒருவழியாக அடங்கியது. டீக்காரன் வாளியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தான். எல்லாரும் படுத்தபின் பாகீரதிக்குத் தூக்கம் வரவில்லை. எதிர்ப் படுக்கையில் அவர் புரண்டுகொண்டிருந்தார். எழுந்து போய்த் தொட்டால் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. துண்டால் கழுத்தைத் துடைத்தாள். அவர் கண்ணைத் திறந்து, "ஃபயல் எவிடே?" என்று மலையாளத்தில் கேட்டார், ஆபீஸ் பியூனிடம் ஃபைல் எங்கே என்று கேட்பது போல.

"நான்தான், பாகீ. ஒடம்புக்கு என்ன பண்றது? பசிக்கறதா?"

அவர் அவளை அடையாளம் தெரியாதவர் மாதிரி பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ கனவு என்று நினைத்தாள். விசிறியை அவர் பக்கமாகத் திருப்பிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை ஆரம்பித்தது. ஆழமான, கரகரத்த குறட்டை. அவர் குறட்டை விடுகிறவரே இல்லை. காலையில் எழுந்து தர்ப்பணம், பெட்டி கட்டியது, வெயிலில் ஸ்டேஷனுக்கு அலைந்தது எல்லாம் சேர்ந்து அடித்துப்போட்டுவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்பாடா, தூங்கிவிட்டார், பழமே போதுமாகிவிட்டது என்று அவள் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

பக்கவாட்டுப் படுக்கையில் மதுரையில் ஏறிய ஆள் ஒருவன் 'ச்சு' கொட்டினான். பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினான். "ஏம்மா, அவரக் கொஞ்சம் எழுப்பி விடுங்க. ஒருத்தரும் தூங்க முடியல."

பாகீரதிக்கு வெட்கமாகிவிட்டது. ஊருக்கெல்லாம் ரயில் மரியாதை சொல்லிக்கொடுக்கிறவர் இப்படியா பேர் வாங்க வேண்டும்! ஆனால் அசந்து தூங்குகிறவரை எழுப்பினால், வெறும் வயிறு, மறுபடி தூக்கம் வராதே. அவரைத் தோளைப் பிடித்து மெதுவாகச் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். கனமாகத் திரும்பினார். சத்தம் பாதியாகக் குறைந்தது. "இனிமே கேக்காது" என்று அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லிவிட்டு, தானும் போய்ப் படுத்தாள். நன்றாகவே தூங்கினாள்.

விடிந்தது. காப்பி, டீ என்று கூவல். மேல் படுக்கைகளிலிருந்து கால்கள் தொங்கின. "இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்மா. ராத்திரி பூரா அசந்து தூங்கினார்" என்று பாகீரதி ஸ்ரீப்ரியாவிடம் கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னாள். அந்தப் பெண் இறங்கும்போது கை அவர் கால் மேல் பட்டது. அப்படியே நின்றாள். குனிந்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். வாயோரம் நுரை கட்டிக் காய்ந்திருந்தது.

"அங்கிள்! அங்கிள்! ஆன்ட்டி, இது உறக்கமில்லே ஆன்ட்டி!"

செங்கல்பட்டில் இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அபிஜித்தும் ஸ்ரீப்ரியாவும் கூடவே இறங்கி, ஆஷா வந்து சேருகிறவரை ஆஸ்பத்திரியிலேயே இருந்தார்கள். மூச்சு இருந்தது. வேறொன்றும் இல்லை. மூளை நீண்ட நேரம் சர்க்கரை இல்லாமல் கிடந்துவிட்டது என்றார்கள். இளம் டாக்டர் ஒருவர் பாகீரதியை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டார். ஊசியை, பழத்தை, வேர்வையை, குறட்டையை, அவள் ஒன்றையும் மறைக்கவில்லை.

"அந்த வேர்வை வந்தப்போ ரெண்டு ஸ்பூன் சர்க்கரை குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சர்க்கரை! ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அதையே நினைத்தாள். இட்லிக்குத் தீட்டு உண்டு, சோற்றுக்குத் தீட்டு உண்டு, பிஸ்கட்டில் முட்டைச் சந்தேகம் உண்டு. சர்க்கரைக்கு என்ன ஆசாரம் இருக்கிறது? யார் கையிலிருந்து வாங்கினால் என்ன? எந்த அமாவாசையும் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை. டீக்காரனிடம் கேட்டிருந்தால் ஒரு கை அள்ளிக் கொடுத்திருப்பான். ராத்திரி முழுக்க அவளுக்கு அது தோன்றவே இல்லை. அதை மருந்தாக நினைக்க அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

நாலு நாள் கிடந்தார், கண் விழிக்காமலேயே போய்விட்டார். கிரகப்பிரவேசம் நின்றது. காரியமெல்லாம் கரமனையில் நடந்தது. அவர் தம்பி வெங்கிடேஷ் ஓடியாடி எல்லாம் செய்தான். செய்ததோடு விட்டானா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரு கதை சொன்னான். சொல்லச் சொல்ல அதற்கு மெருகு ஏறியது. பதின்மூன்றாம் நாள் பந்தியில் இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, புதிதாக வந்த உறவுக்காரர் ஒருவருக்காக மறுபடி ஆரம்பித்தான்.

"அண்ணா புண்ணியவானாக்கும். அமாவாசையன்னிக்கு, வண்டியில எத்தனை பேர் நீட்டினா தெரியுமோ? ஒண்ணையும் தொடலை. கடைசி வரைக்கும் ஆசாரத்தை விடாம, ஒரு கஷ்டம் இல்லாம, தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். இந்தச் சாவு யாருக்குக் கிடைக்கும்? மன்னி பக்கத்துலயே இருந்தாளே, கேட்டுக்கோங்கோ."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சில பேர் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். பாகீரதி உள்நடையில் நின்றிருந்தாள். அவள் குரல் பந்தியின் கடைசி இலை வரை கேட்டது.

"அவர் தூங்கலை வெங்கிடேஷ். செத்துண்டிருந்தார். எழுப்புங்கோன்னு ஒருத்தன் சொன்னான். நான்தான் சத்தம் வெளியில கேக்காம திருப்பிப் படுக்க வெச்சேன்."

பரிமாறுகிறவன் கரண்டியோடு நின்றுவிட்டான்.