குளிர்ந்த கரை

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையம், சித்திரை மாத மதியம். டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் இருக்கும் இளைஞன் சரக்குக் கப்பலில் சமையல்காரனாகச் சேரப் போகிறான்.

“சார், கப்பல் மொதல்ல ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போவுதாம். அது எந்தப் பக்கம்?”

“வடதுருவத்துப் பக்கம். அந்தப் பேருக்கே ‘குளிர்ந்த கரை’ன்னுதான் அர்த்தம்.”

அவன் திடுக்கிடுகிறான். “ஆறு பனியன்தான் எடுத்து வச்சிருக்கேன்!”

விடுப்பில் இப்போதுதான் ஊர் வந்து இறங்கிய ராணுவக்காரர் ஒருவர், சிரித்தபடி டிரங்குப் பெட்டியைத் திறந்து தன் கம்பளி ஸ்வெட்டரை நீட்டுகிறார்.

“உங்களுக்கு வேணாமாண்ணே?”

“எனக்கு ஒரு மாசம் லீவு தம்பி. அம்புட்டு நாளும் இங்கன வேகத்தான போறேன்!”

அவன் அங்கேயே மாட்டிப் பார்க்கிறான். அளவு சரியாக இருக்கிறது. மதுரை வண்டி வந்ததும், வேர்வை வழிய, அதைக் கழற்றாமலே ஏறிக்கொள்கிறான்.