நாற்பது நெற்றிக்கு ஒரே பொட்டு

மாடிப்படிக்கு அடியில் இருந்த சந்தில் தி.நகரில் ஸ்டூடியோ தொடங்கியவன் நான். குளியலறையை இருட்டறை ஆக்கினேன். பின்னால் தொங்கிய திரையில் அருவியும் மயிலும் என் கையால் வரைந்தவை. மழைத்தண்ணீர் இடுப்பளவு நின்ற நாளில் கேமராவைத் தலையில் சுமந்து மாம்பலம் ஸ்டேஷன் வரை நடந்தேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததில்லை. ஆனாலும் எங்கள் தெருவின் முதல் கம்ப்யூட்டர் என் கடையில்தான் வந்து இறங்கியது. இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாக நான் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. அதை இன்று வேறொருவர் பெயரில் சொல்கிறார்கள்.

மயிலாப்பூரில் ஒரு நாட்டியப் பள்ளி. விழா மலருக்காக, பள்ளியை நடத்தும் டீச்சரம்மாவையும் சேர்த்து நாற்பது பெண்களைத் தனித்தனியாகப் படம் எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் என் பெயரைப் போடுவதாக டீச்சரம்மா சொல்லியிருந்தார். வாக்காளர் பட்டியலைத் தவிர அச்சில் வராத பெயர். அதிலும் தப்பாகத்தான் இருந்தது.

ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால், ஃப்ளாஷ் பட்டு சாந்துப் பொட்டு மினுங்கி, எல்லா நெற்றியிலும் வெள்ளைப் புள்ளி! "கவலைப்படாதீங்கம்மா, எங்க கம்ப்யூட்டர் ஒரு நொடியில பொட்டு வெச்சுடும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது நங்கநல்லூரிலிருந்து வரும் ஒரு பெண். படங்களை ஸ்கேன் செய்து அதில் ஏற்றினாள். ஒரு படத்தில் செய்வதைப் பதிந்து வைத்தால், மற்ற படங்களுக்கும் அதையே தானாகச் செய்யுமாம், அதற்குப் பெயர் 'ஆக்‌ஷன்' என்றாள். திரையில் இருக்கும் பிரஷ்ஷால் பொட்டைத் தொட்டு வைத்தாள், அது ஆக்‌ஷனில் பதியவில்லை. வட்டம் கட்டிச் சிவப்பை நிரப்பினாள், பதிந்தது. மொத்தப் படத்துக்கும் ஓடவிட்டு டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தால், ஒருத்திக்கு மூக்கு நுனியில் பொட்டு. இன்னொருத்திக்கு மேலுதட்டில். ஒரு படத்தில் கூட உட்கார்ந்திருந்த மிருதங்க வித்வானுக்கு மீசை நடுவே. டீச்சரம்மாவுக்குக் கன்னத்தில்.

"இது இன்னாம்மா?"

"திருஷ்டிப் பொட்டு சார்."

"சிரிக்காத. பதிஞ்சதுல நடுவுல கைவெச்சு மாத்து."

"ஒரு படியை அழிக்கலாம் சார், மேலே கீழே தள்ளலாம், திரும்பப் பதியலாம். ஆனா 'நெத்தி எங்கன்னு பாத்து வை'ன்னு ஒரு படி சேர்க்க வழியே இல்ல. மேலேர்ந்து இத்தனை, இடதுலேர்ந்து இத்தனை, அவ்ளோதான் அதுக்குத் தெரியும்."

"நாப்பது மூஞ்சி கீது, ஒண்ணுகூடவா தெரியல?"

"ஒவ்வொண்ணா நானே கையால வெச்சுடறேனே சார்?"

கையால் வைப்பதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு? அப்போதுதான் எனக்கு உதித்தது: ஆக்‌ஷனைத் திருத்த முடியாவிட்டால் ஆட்களைத் திருத்த வேண்டியதுதான்.

எல்லாரையும் பொட்டில்லாமல் திரும்ப வரச்சொன்னேன். தாய்மார்கள் கொதித்தார்கள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா பாழ் நெத்தியோட உக்காரணுமாம்!"

கேமரா ஸ்டாண்டின் மூன்று காலையும் ஆணியடித்துக் கட்டினேன். ஸ்டூலுக்குத் தரையில் சாக்பீஸ் கட்டம். பக்கச் சுவரில் பென்சில் கோடு. ஒவ்வொருத்தியின் புருவமும் அந்தக் கோட்டுக்கு வரும்வரை ஸ்டூலில் டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கினேன். சின்னவளுக்கு மூன்று, நெட்டைக்கு ஒன்றுமில்லை. டீச்சரம்மாவுக்கு அரை டைரக்டரி, கிழித்துத்தான் வைத்தேன்.

மறுபடி ஓடவிட்டோம். நாற்பது நெற்றி, நாற்பது பொட்டு, ஒன்றுகூட நகரவில்லை.

டீச்சரம்மா பார்த்தார், யோசித்தார். "அத்தனை பேரையும் திரும்ப உக்கார வெச்சேளே, அப்பவே ஆளுக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கப்படாதோ?"

"ஒட்டலாம்மா. அப்புறம் கம்ப்யூட்டர் சும்மா குந்திக்கினு இன்னா பண்ணும்?"

மலர் வந்தது. கடைசிப் பக்கத்தில் 'கணினிப் பொட்டு' என்று அந்தப் பெண்ணின் பெயர். எனக்கு 'படங்கள்: ஸ்டூடியோ' என்று மொட்டையாக ஒரு வரி. கேட்டதற்கு, "பொட்டு வெச்சது அவதானே?" என்றார் டீச்சரம்மா.

அந்தப் பெண் இப்போது வேளச்சேரியில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறாள். முதல் பாடமே, "பதிஞ்சப்புறம் திருத்திக்கலாம்னு நம்பாதீங்க, முதல்ல படங்களை ஒரே மாதிரி ஆக்கிக்கோங்க" என்பதுதானாம். பிள்ளைகள் அதை அவள் சொன்னதாகவே எழுதிக்கொள்கிறார்களாம். கெட்டிக்காரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த டைரக்டரிகளை அடுக்கியவன் யார்?

நங்கநல்லூர்ப் பெண்ணே, அம்மா, அடுத்த வகுப்பில் அதை போர்டில் எழுதும்போது கீழே என் பெயரையும் எழுது. இனிஷியலோடு. தப்பில்லாமல்.