பாவு ஒதுங்கிய தெரு

ஊர் சுற்றிக் காட்டுகிறவளுக்கு முதல் கவலை கோயிலும் இல்லை, கல்வெட்டும் இல்லை. கழிப்பறைதான். மாதம் ஒரு ஞாயிறு சென்னையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு, பாடப்புத்தகம் எட்டிப் பார்க்காத இடங்களுக்குப் போய்வருவது என் பிழைப்பு. வருகிறவர்கள் வரலாற்றைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் பாத்ரூமைப் பற்றித்தான் கேட்பார்கள். பெண்கள் காதோடு காதாகக் கேட்பார்கள்.

போன தை மாதம் ஆரணிக்குப் போனோம். காலையில் பட்டுத் தறி வீடு, பிறகு திருமலையில் சமணர் குகைகள் என்று திட்டம். அன்று வந்தவர்களில் இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், வெம்பாக்கம் பக்கத்தில் பிறந்த தமிழ்ச் சமணர். "சமணர்னு சொன்னா போதும்மா, 'அப்படின்னா நீங்க சேட்டா? தமிழ் நல்லா பேசுறீங்களே'ங்கிறாங்க" என்று வேனில் ஏறியதுமே சிரித்தார். அவருடைய முப்பாட்டன்மார் இதே மண்ணில் நெல் விளைத்தவர்கள். அது வெளியூர்க்காரர்களுக்குத்தான் தெரியாது என்றில்லை, பக்கத்து ஊர்க்காரர்களுக்கே தெரியாது. புழுவைக் கொன்று எடுக்கிற நூல் என்பதால் தன் கல்யாணத்துக்குக்கூட அவர் பட்டு உடுத்தவில்லையாம். "தறி வீட்டுக்கு நான் வரல. வேன்லயே உக்காந்துகினு இருக்கேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

இன்னொருவர் கணக்கு டீச்சர். சின்ன வயதில் போலியோ வந்து, இப்போது சக்கர நாற்காலியில் நடமாட்டம். கொஞ்சம் வாய்த்துடுக்கு. எனக்கும் அது உண்டு என்பதால் போனிலேயே ஒத்துப்போய்விட்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "யாரும் என்னைத் தூக்காம, நானே போய் நானே வர மாதிரி ஒரு பாத்ரூம் இருக்குமா?"

தேடினேன். நாங்கள் பார்க்கப்போகும் தறி வீட்டிலேயே இருந்தது. அந்த வீட்டு அக்கா தன் மாமனாருக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது கட்டியது. அகலமான கதவு, தெருவிலிருந்தே படி கிடையாது. "வண்டி உங்க வாசல் வரைக்கும் வருமா அக்கா?" என்று இரண்டு முறை கேட்டேன். "லாரியே வரும் மேடம், தைரியமா வாங்க" என்றார்.

வழியில் ஒரு ஓட்டலில் கழிப்பறைக்குப் படி ஏற வேண்டியிருந்தது. இன்னொன்றில் படி இல்லை, கதவு குறுகல். டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு "போலாம்" என்று மட்டும் சொன்னார். முந்தின ராத்திரியிலிருந்தே அவர் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆரணி பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது அவர் பேச்சை நிறுத்திவிட்டார். டிரைவரிடம் வேகமாக ஓட்டச் சொன்னேன்.

தெருமுனையில் திரும்பிய வேன் அப்படியே நின்றது. தெரு நீளத்துக்கும் பாவு விரித்திருந்தார்கள். சேலைக்கு நீளவாக்கில் ஓடும் இழைகளைத் தறியில் ஏற்றுவதற்கு முன், ஒரு முனையைக் கயிறு போட்டுக் கட்டையில் கட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்து, நடுவில் மூங்கில் கால்கள் மேல் தாங்கவைத்து, சிக்கெடுத்து அறுந்ததை ஒட்டுவார்கள். மாம்பழ நிறத்தில் இடுப்பளவு உயரத்துக்கு அது நடுத்தெருவில் நின்றது. இரண்டு பக்கமும் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகத்தான் இடம். அக்காவின் வீடு கடைசியில். அதற்கப்பால் சுவர், முட்டுச்சந்து. டீச்சர் வேனின் சரிவுப் பலகை வழியாக நாற்காலியோடு இறங்கிவிட்டார்.

அது அக்கா வீட்டுப் பாவுதான். மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஐயோ மேடம், பாவைப் பத்தி எனக்குத் தோணவே இல்லீங்க!" அவர் பொய் சொல்லவில்லை. விடிந்தால் தெருவில் பாவு இருக்கும், வெயில் ஏறினால் எடுத்துவிடுவார்கள். பிறந்ததிலிருந்து பார்ப்பதை யாராவது தடங்கல் என்று போனில் சொல்வார்களா? இதெல்லாம் இப்போது புரிகிறது. அப்போது வந்த கோபத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நான்கு ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். "பேஜாரே வேணாம் மேடம். நாற்காலியோட தூக்கினு போயிடறோம்."

"தூக்கினு போய் எறக்கிறதுக்கு நான் என்ன கேஸ் சிலிண்டராங்க?" என்றார் டீச்சர். அவர்கள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்கள். ஒரு கோயிலில் இப்படித் தூக்கியவர்கள், வழி நெடுக அவர் தலைக்கு மேலேயே அவருடைய எடையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்களாம். அன்றோடு முடிவு செய்துவிட்டார். ஒரே ஒரு தடவைதானே, ஒத்துக்கொண்டால் என்ன என்று என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் என்னைக் குனியச் சொல்லி, "ரொம்ப நேரம் தாங்காது" என்றார் மெல்ல.

அக்கா பாவைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்காமல் டீச்சரிடமே கேட்டார்: "இது போறதுக்கு எவ்ளோ எடம் வேணுங்க?" டீச்சர் இரண்டு முழங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

அக்கா தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பாவை அந்தாண்ட ஒதுக்கணும்! ஜல்தியா வாங்க, கை குடுங்க!"

பாவுக்குக் கை கேட்டால் அந்தத் தெருவில் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஒருவர் பல் தேய்த்த வாயோடு வந்தார், ஒருத்தி ஈரத் தலையோடு வந்தாள். ஒவ்வொரு மூங்கில் காலுக்கும் இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். எங்கள் வேனில் வந்தவர்களும் கை கொடுத்தார்கள். அப்படியும் நடுவில் ஒரு காலுக்கு ஆள் குறைந்தது. வேன் கதவு திறந்தது. போஸ்ட் மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துவந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டார். பட்டிழைகள் அவர் கைமேல் கிடந்தன.

கட்டையில் கயிற்றைத் தளர்த்தினார்கள். "ஹூம்!" என்றார் அக்கா. அத்தனை பேரும் ஓரடி பக்கவாட்டில் வைத்தார்கள். மறுபடியும் "ஹூம்!" மறுபடியும் ஓரடி. எங்கோ இழை தெறிக்கும் சத்தம் கேட்டது. தெருவின் ஒரு பக்கம் திறந்தது. டீச்சர் தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு, பாவைப் பிடித்து நின்றவர்களைத் தாண்டி, வீட்டுக்குள் போனார். ஒரு பாத்ரூம் தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றுதான். அங்கேயே வாசலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதுவிட்டேன்.

டீச்சர் வெளியே வந்தபோது, பாவை ஒதுக்கிய இடத்திலேயே மூங்கில் கால்களை ஊன்றி நிறுத்தியிருந்தார்கள். "பட்டு உங்களுக்கு ஆகாதே சார்" என்றேன் போஸ்ட் மாஸ்டரிடம். "இப்பவும் ஆகாதுதான். அதுக்காக அந்தம்மா தவிக்கிறதப் பாத்துகினு உக்காந்திருக்க முடியுமா?" என்றவர் கை கழுவத் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இழை அறுந்ததற்கு அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "இழைன்னா அறுந்துகினுதான் இருக்கும் மேடம். ஒட்டிக்கலாம்" என்று அவர் பாவோரமாகக் குனிந்து தேட ஆரம்பித்தார். தெருக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் குனிந்தார்கள்.

"இங்க ஒண்ணு தொங்குது" என்றது டீச்சர் குரல். பாவு அவர் முகத்துக்கு நேராக இருந்தது. மற்றவர்கள் முதுகை வளைத்துத் தேடியதை அவர் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டு வந்தார். அக்கா வந்து இரண்டு முனைகளையும் விரலால் முறுக்கி ஒட்டினார். அதற்குள் டீச்சர் அடுத்ததைக் கண்டுபிடித்திருந்தார். அதற்கப்புறம் அக்கா குனிவதையே விட்டுவிட்டு, டீச்சர் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தார்.

வெயில் ஏறுவதற்குள் திருமலைக்குப் போக வேண்டும். "டீச்சர், வேன் ரெடி" என்றேன். அவர் திரும்பவில்லை. போகிற ஊரிலெல்லாம் மற்றவர்கள் படியேறிப் பார்த்துவிட்டு வரும்வரை கீழே காத்திருந்தவர். ஒரு வேன் ஆட்கள் மொத்தமும் வாசல்களில் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்தோம்.

தெருவின் அந்தக் கோடியிலிருந்து அக்கா கத்தினார்: "டீச்சர், உங்க பக்கம் முடிஞ்சுதாங்க?"

"இன்னும் இல்லைங்க! இந்த மேடத்தைக் கொஞ்சம் அவசரப்படாம இருக்கச் சொல்லுங்க!"