கிழங்குக் குழியின் மூடி

அந்த இலையுதிர் காலத்தில் லெம்போவோ கிராமத்துக்கு ரொட்டி வண்டி வரும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போனது. வண்டி வராவிட்டால் வரிசையில் நிற்பவர்களுக்கு வாயில் போட்டு மெல்ல வேறு ஏதாவது வேண்டுமே. செய்தி அங்கேதான் பிறந்தது. கோயில் மணியைக் கீழே தள்ளிய, எப்போதோ செத்துப்போன நிகனோர் வீட்டில், தரைக்கு அடியில், கோயிலிலிருந்து காணாமல் போன புனித நிக்கலஸ் படம் இருக்கிறதாம். நிகனோரே ஒளித்து வைத்தானாம். வெளியே கட்சிக்காரனாம், உள்ளே பக்தனாம்.

செய்திக்கு ஆதாரமும் இருந்தது. அந்த வீட்டில் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே உருளைக்கிழங்குக் குழியின் மூடி இருக்கிறது. எல்லா வீட்டிலும் இருப்பதுதான். ஆனால் மற்ற வீடுகளில் அதன் மேல் நடப்பார்கள், முக்காலி போடுவார்கள், கல்யாணமென்றால் ஆடவும் செய்வார்கள். நிகனோர் வீட்டில் மட்டும் எல்லோரும் அதைத் தாண்டுவார்கள். கையில் கொதிக்கும் சூப் சட்டி இருந்தாலும் தாண்டல்தான். படத்தை மிதிக்கக் கூடாது என்பதைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்? இத்தனை வருடம் கண்ணெதிரே நடந்த தாண்டல் ஊருக்கு இப்போதுதான் உறைத்தது. கடவுளுக்கு அரசாங்க அனுமதி திரும்பக் கிடைத்து ரொம்பக் காலம் ஆகவில்லை. அதற்கு முன் உறைத்திருந்தால் யாருக்கும் லாபமில்லை.

இந்தச் செய்தி எட்ட வேண்டிய காதுகளுக்குக் கடைசியாகத்தான் எட்டியது. நிகனோரின் மகள் கிளஃபீரா எப்போதும்போல வரிசையின் வாலில் நின்றிருந்தாள். முன்னால் நிற்பவளுக்கும் அவளுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடைவெளி எப்போதும் இருக்கும். அதை யாரும் சட்டமாகப் போடவில்லை, யாரும் மீறியதும் இல்லை. அன்று அந்த இடைவெளியைக் காணோம். முன்னால் நின்றவள் திரும்பி, "முன்னாடி வாங்க நிகனோரவ்னா, கால் வலிக்கப் போவுது" என்றாள். கிளஃபீராவுக்குக் கால் வலி வந்ததே அப்போதுதான்.

லெம்போவோவில் வயதானவர்களைத் தகப்பன் பெயரால்தான் கூப்பிடுவார்கள். நிகனோரவ்னா என்றால் நிகனோர் பெற்ற பெண். அறுபதைத் தாண்டிய கிளஃபீரா வாழ்நாளெல்லாம் கூட்டுப்பண்ணையில் கன்றுக்குட்டிகளைப் பார்த்துக்கொண்டவள். பல்லாயிரம் கன்றுகள் அவள் விரலைச் சப்பி வளர்ந்தன. ஆனால் யார் அவளைக் கூப்பிட்டாலும் முதலில் வந்து நிற்பது அப்பன்தான். அவனோடு சேர்ந்து மணியும் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருடக் குளிர்காலத்தில், கோயில் கோபுரத்தில் ஏறிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்து, ஊர் மணியைக் கீழே தள்ளியவன் நிகனோர். மணி பாதி உயரம் மண்ணில் புதைந்து நின்றதாம். சன்மானமாக அவனுக்கு ஒரு ஜோடி ரப்பர் காலணியும் ஒரு துண்டு சீட்டித் துணியும் கிடைத்தன. அதற்குப் பிறகு நவம்பர் புரட்சி விழா தவறாமல் அவனை மேடையில் உட்காரவைத்துக் கைதட்டுவார்கள். மேடையை விட்டு இறங்கியதும் அதே கைகள் முதுகுக்குப் பின்னால் சிலுவை போட்டுக்கொள்ளும். இரண்டையும் ஒரே கை செய்வதில் லெம்போவோவில் யாருக்கும் சிரமம் இருந்ததில்லை.

கிளஃபீரா கண்ட நிகனோர் வேறு மாதிரி. பேசமாட்டான், குடிப்பான், குடித்தாலும் பேசமாட்டான். மூடியைத் தாண்டுவான். அம்மா உஸ்தீன்யாவும் தாண்டுவாள். கிளஃபீரா நடக்கப் பழகியபோதே அம்மா சொல்லிவிட்டாள், கீல் பழுது, மிதித்தால் கிழங்கோடு கிழங்காகக் கிடப்பாய் என்று. அதனால் தாண்டினாள். அப்பா போய், அம்மா போய், புருஷன் போய், மகன் நகரத்துக்குப் போன பிறகும் தாண்டிக்கொண்டிருந்தாள். இப்போது ஊரே சேர்ந்து அதைப் பக்தி என்கிறது.

இரண்டு நாள் கழித்துச் சாமியார் வந்தார். யெவ்லம்பி சாமிக்கு இன்னும் முழுத் தாடி முளைக்காத வயது. கொஞ்ச வருடம் முன்புவரை மின்கம்பம் ஏறிக்கொண்டிருந்தவர். இப்போதும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மேலே போகிற கம்பிகளைத்தான் பார்ப்பார். கிளஃபீரா தேநீர் வைத்தாள், கோஸ் பணியாரம் வைத்தாள். அவரும் மூடியைத் தாண்டித்தான் மேசைக்கு வந்தார், அதுவும் சிலுவை போட்டுக்கொண்டு. 

சாமி சுற்றி வளைக்கவில்லை. மாதாவின் முக்காட்டுத் திருநாள் வருகிறது, கோயிலுக்குப் புதுத் தகரம் வேய்ந்தாகிவிட்டது, நடுவில் பெரிய படம் மட்டும் இல்லை என்றார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"படம் கோயிலுக்கு வந்துட்டா, செத்தவங்க பேரு படிக்கும்போது உங்கப்பா பேரையும் நானே சத்தமாப் படிச்சிடுவேன்மா. அப்புறம் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

கிளஃபீரா அவர் கோப்பையை மறுபடி நிரப்பினாள். சாமிக்குத் தெரியாத ஒன்று இருந்தது. வசந்த காலத்தில், கோயிலில் படிக்கச் சொல்லி, அவள் அந்தப் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மெழுகுவத்தி விற்கும் ஜன்னலில் நீட்டியிருந்தாள். ஜன்னலுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக் கபிதொலீனா. கோயிலை ஊர் மன்றமாக மாற்றியிருந்த காலத்தில் அதே ஜன்னலில் சினிமா டிக்கெட் விற்றவள். அன்று அவள் சீட்டைப் படித்துவிட்டு ஒற்றை விரலால் திருப்பித் தள்ளினாள். "இது மட்டும் வேணாம்டி" என்றாள். கோபமாக இல்லை, ஹவுஸ்ஃபுல் என்று சொல்கிற குரலில்.

அதனால் சாமி போன பிறகு கிளஃபீராவுக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. படம் இருந்தால் அப்பன் பெயர் கோயிலில் ஒலிக்கும். இல்லாவிட்டால் வரிசையில் இடைவெளி திரும்பிவரும், முன்பைவிட அகலமாக. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஆடு கத்தியது. அவள் மூடியின் இந்தப் பக்கம் நின்றாள், தாண்டினாள், அந்தப் பக்கம் நின்றாள். ஒருதரம் ஒற்றைக் காலை எடுத்து அதன் மேல் வைத்தும் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

மூடியின் மேல்பக்கத்தில் வருடாவருடம் பூசிய பழுப்புத் தரைப் பெயின்ட் வரட்டி மாதிரி ஏறியிருந்தது. கீழ்ப்பக்கத்தில் குளிர் வராமலிருக்கத் தடித்த கம்பளி அடித்திருந்தது. இருந்தால் அந்தக் கம்பளிக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். பிடுங்கிப் பார்க்கக் கருவி இல்லை. அப்பாவின் கருவிகளையெல்லாம் புருஷன் எப்போதோ சாராயமாக மாற்றிவிட்டான். வேறு வழியில்லாமல் கபிதொலீனா வீட்டுக்குப் போய், கோழிக்கூடு சரிபண்ண வேண்டும், ஆணி பிடுங்கியைக் கொடு என்றாள்.

"கோழியே இல்லாத கூட்டுக்கா?" என்றாள் கபிதொலீனா. ஆனாலும் கொடுத்தாள். செய்தியை ஊரெல்லாம் ஓடவிட்டவள் அவள்தான். அதற்கு ஒரு ஆணி பிடுங்கிகூட முதலீடு செய்யாமல் இருப்பாளா.

நட்டநடுப் பகலில் திரையை இழுத்துவிட்டுக் கிளஃபீரா மூடியைத் தூக்கினாள். கீல் முனகக்கூட இல்லை. தூக்கிய கை அப்படியே நின்றது. எத்தனை ஆயிரம் தரம் இதைத் தூக்கிக் கிழங்கு எடுத்திருக்கிறாள், ஒருநாளும் அது ஆடியதில்லை. இரும்புக் கீல், அப்பா அடித்தது. அப்பா அடித்த எதுவும் ஆடாது. அப்படியென்றால் அம்மா சொன்னது பொய். அது பொய் என்று தெரிய வேண்டிய முதல் ஆள் மூடியைச் செய்த அப்பா. அப்பாவும் அல்லவா தாண்டினான்.

மூடியைக் கழற்றி அடுப்புச் சுவரில் சாய்த்துவைத்தாள். கம்பளியின் ஓரத்தில் சின்னச் சின்ன ஆணிகள், பூட்ஸ் அடிக்கு அடிக்கிற வகை. பாதி ஆணி வளைந்திருந்தது. சில ஆணி இரண்டு தரம் அடிபட்டுத் தலை நசுங்கிக் கிடந்தது. நிகனோர் வாழ்க்கையில் ஓர் ஆணியை வளைத்தவனில்லை. இது சுத்தியல் பிடித்துப் பழகாத கை. அந்த வீட்டில் அப்படி ஒரு கைதான் இருந்தது.

கம்பளி உரிந்து வந்தது. உள்ளே படம் இல்லை, துணி. தேநீர் நிறத்துக்கு மாறிப்போன லினன் துண்டு, இரண்டு முனையிலும் சிவப்புச் சேவல்கள். புனிதர் படத்தின் மேல் மாலை மாதிரி தொங்கவிடுகிற துண்டு அது. கல்யாணத்துக்கு முன் பெண்ணே உட்கார்ந்து தைப்பது.  கிளஃபீரா சிலுவை போட்டுக்கொண்டாள், துண்டை ஒரு மூலையில் பிடித்து மெதுவாக விலக்கினாள்.

புனித நிக்கலஸ் அங்கே இல்லை. பிசாசு இருந்தது.

கோயிலின் மேற்குச் சுவரில் கடைசித் தீர்ப்புக் காட்சி ஒன்று பலகையில் வரைந்திருந்ததாக அவள் கேள்விப்பட்டிருந்தாள். கோயிலைக் காலி செய்தபோது பலகைகளை ஆளாளுக்கு மரமாகப் பிரித்துக்கொண்டார்களாம். நிகனோர் பங்குக்கு வந்தது நரகம். எந்தப் பெயின்டும் தொடாமல் நேற்று வரைந்தது மாதிரி பளிச்சென்றிருந்தது. சிவப்பு நெருப்பு, அதில் நாலைந்து பாவிகள், அவர்களை ஒரே கயிற்றில் கட்டி இழுக்கிற ஒரு கருப்புப் பிசாசு. கயிறு தோளில், கால் இரண்டும் ஊன்றி, உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்து. யாரோ பெரிய மணியை இழுப்பது மாதிரி.

கிளஃபீரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த துண்டை விடவில்லை.

இதை அப்பா கீழ்ப்பக்கமாகத்தானே வைத்தான். யாரும் பார்க்கக் கூடாதென்றா? ஆனால் கிழங்கெடுக்க மூடியைத் தூக்குகிறபோதெல்லாம் அந்தப் பிசாசு அவன் மூஞ்சிக்கு நேரே நிமிர்ந்திருக்கும். எத்தனை குளிர்காலம் பார்த்தானோ. அப்புறம் ஒருநாள், அவன் இல்லாத நேரத்தில், அம்மா தன் கல்யாணத் துண்டை எடுத்து அதை மூடி, மேலே கம்பளி வைத்து, வளைந்த ஆணியாக அடித்திருக்கிறாள். நரகத்துக்கு யாராவது சேவல் துண்டு போடுவார்களா? அது நரகத்துக்குப் போட்டதில்லை. அவனுக்குப் போட்டது. அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசியிருப்பார்களா? தாண்டினார்கள், அவ்வளவுதான். அவன் பயத்தில் தாண்டினானா, வெட்கத்தில் தாண்டினானா என்று கிளஃபீரா பலகையைக் கேட்டுப் பார்த்தாள். பலகையில் வாய் இருந்தவர்கள் எல்லோரும் அலறிக்கொண்டிருந்தார்கள், பதில் சொல்கிற நிலையில் யாரும் இல்லை.

சாமி மறுநாளே வந்தார். கிளஃபீரா அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினாள். ஒரு பொய் போதும், அப்பன் பெயர் ஒலித்துவிடும். படம் இருக்கிறது, தரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்கூடப் போதும், ஊர் மிச்சத்தைத் தானே சொல்லிக்கொள்ளும். விடியும்வரை அந்தப் பொய்யை அவள் ஒத்திகை பார்த்திருந்தாள். வாய் திறந்தபோது வேறு வந்தது.

"நிக்கலஸ் இல்ல சாமி. எங்கப்பா எதையும் காப்பாத்தல."

சாமி கண்ணைக் கம்பிகளின் பக்கம் தூக்கினார். பிறகு, "அப்ப உள்ள என்னதான்மா இருக்கு?" என்று கேட்டார்.

"கிழங்குதான் இருக்கு. நான் உங்களை ஒண்ணு கேக்கறேன். ஒண்ணுமே காப்பாத்தாதவன் பேரை நீங்க படிப்பீங்களா?"

அவர் தாடி இருக்க வேண்டிய இடத்தைத் தடவினார். கோயிலுக்கு வருகிற பெண்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று தொடங்கினார், முடிக்கவில்லை. பார்க்கலாம்மா என்றார்.

முக்காட்டுத் திருநாளன்று முதல் பனி தூறியது. கோயிலில் கிளஃபீரா பின்சுவரோரம், ஒரு காலத்தில் அந்தப் பலகை இருந்திருக்கக்கூடிய இடத்தில் நின்றாள். மறைந்தவர்களின் பெயர்களைச் சாமி படித்துக்கொண்டே போனார். உஸ்தீன்யா வந்தது, வழக்கமாக வருவதுதான். அதற்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் சாமியின் குரல் சட்டென்று இறங்கி எதையோ தொட்டுவிட்டு மேலே வந்தது, கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று புறங்கையால் தட்டிப் பார்க்கிற வேகத்தில். கூட்டத்தில் சில தலைகள் திரும்பின. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவர்களுக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டுமே.

சாயங்காலத்துக்குள் ஊரில் புதுச் செய்தி. படித்தார் என்று பாதிப் பேர், இருமினார் என்று மீதிப் பேர். கபிதொலீனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆணி பிடுங்கியைச் சாக்காக வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கிளஃபீரா கதவை ஒரு முகம் தெரிகிற அளவுக்குத் திறந்தாள். பின்னால் நரகம் இன்னும் அடுப்பில் சாய்ந்திருந்தது. திரும்ப ஆணி அடிப்பதா, சாமிக்குக் கொடுப்பதா, அடுப்பிலேயே எரித்துவிடுவதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. குழியின் வாயில் இப்போதைக்கு ஒரு பழைய கதவைப் போட்டிருந்தாள். அதையும் தாண்டினாள்.

"எங்கடி என் சாமான்?" என்றாள் கபிதொலீனா.

"இங்கதான் இருக்கு கப்பா. வாசப்படி மேல எப்படிக் குடுக்கறது? ஆகாதே."

"ஆகாதுதான். நான் உள்ள வரேன்."

"இப்ப வேணாம். தரை கழுவியிருக்கேன்."

திருநாளில் தரை கழுவுகிறவளை லெம்போவோ அதுவரை கண்டதில்லை. கபிதொலீனா அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள், கிளஃபீரா தோளை உயர்த்தினாள். கொஞ்ச நேரம் இப்படியே போனது. பிறகு கிளஃபீரா, தன்னை அறியாமல் கேட்டுவிட்டாள்:

"கப்பா, எங்கம்மாவைப் பத்தி உங்கம்மா ஏதாவது சொல்லுவாங்களா?"

அந்த ஊரில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. உஸ்தீன்யாவைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? கபிதொலீனா முக்காட்டைச் சரிசெய்தபடி யோசித்தாள்.

"சாகுற வரைக்கும் ஒண்ணுதான் சொன்னா. எங்கப்பா பூட்ஸ் தைக்க வெச்சிருந்த சின்ன ஆணி, ஒரு பிடி, உஸ்தீன்யா வாங்கிட்டுப் போனா, திருப்பித் தரவே இல்லைன்னு. எதுக்குன்னு கேட்டதுக்கும் பதில் இல்லையாம். இப்ப நீ என் ஆணி பிடுங்கியை வெச்சிட்டிருக்கே. உங்க வீட்டுக்குள்ள இரும்பு போனா வெளியே வராது போல."

கிளஃபீராவின் ஏப்ரன் பையில் அந்த ஆணிகள் இருந்தன. வளைந்தவை, நசுங்கியவை, துருப்பிடித்தவை, மூன்று நாளாகப் பொறுக்கிச் சேர்த்தவை. பைக்குள் கைவிட்டு அவற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"தர்றேன் கப்பா" என்றாள். "எல்லாத்தையும் நிமித்தித் தர்றேன்."

"எதை நிமித்தி?" என்றாள் கபிதொலீனா.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ எதையோ தாண்டுகிற சத்தம் கேட்டது.